வீட்டுக்கு வராத கொடி

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது காலையிலும் சாயங்காலமும் ஒரு வேலை இருக்கிறது. மகள் பிள்ளையையோ மகன் பிள்ளையையோ பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டைத் திறந்து மூடுகிற ஆயா. அதனால் உங்களில் பலரை எனக்கு வண்டிச் சத்தத்திலேயே தெரியும். ஹாரனை விடாமல் அடிப்பவர் யார், கேட்டுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பேசுபவர் யார், எல்லாம் தெரியும். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு பிள்ளை சொன்ன ஒரு வார்த்தையால் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள், பெல் அடித்துக் கேட்டைச் சாத்திய பிறகு ஒருவர் பைக்கில் வந்தார். பின்னால் அவர் மகள், மூன்றாம் வகுப்பு. அவர் கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் கலையவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டுக் குனிந்து, "மிஸ் கேட்டா நீதான் எந்திரிக்கலன்னு சொல்லிரு, என்ன?" என்றார். பிள்ளை தலையை ஆட்டியது. உள்ளே மிஸ் கேட்டபோது அப்படியே சொன்னது.

"நான் எந்திரிக்கல மிஸ்."

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தலையணை மடிப்பு எனக்குத் தெரிந்த ஒன்றுதான். எங்கள் வீட்டில் அது கோரைப்பாய் வரி.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், ரோட்டுக்கு மேற்கே இருந்தது. பள்ளிக்கூடம் ரோட்டுக்குக் கிழக்கே. எட்டாம் வகுப்பு வரை உண்டு. ஓட்டுக் கட்டடம், வாசலில் கம்பிக் கேட்டு, மணிக்குப் பதில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. தலைமையாசிரியை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பெரிய டீச்சர் என்போம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. ஒன்பது மணிக்கு முதல் மணி, ஒன்பது பத்துக்கு இரண்டாம் மணி. இரண்டாம் மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார். பிந்தியவர்கள் முதல் பாடம் முடிகிற வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நேரத்துக்கு வரப் பழக வேண்டும் என்று வைத்த சட்டம். கேட்டுக்கு வெளியே இருந்தது ரோடு. அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

மாசி பிறந்தால் அந்த ரோட்டில் பருத்தி லாரிகள் ஓடும். ராஜபாளையத்து மில்களுக்குப் போகிற லாரிகள். இரண்டு பக்கமும் பிதுங்கி, வைக்கோல் படப்பு நகர்வது மாதிரி வரும். போன பிறகு பார்த்தால் ரோட்டோரத்து வேலிக்கருவை முள்ளெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைப் பிடுங்கி மூக்குக்குக் கீழே மீசை வைத்துக்கொள்வோம். அந்தப் பஞ்சில் விதைத் தூளும் சருகும் கலந்திருக்கும், தும்மல் வரும். மில்லுக்குள் பறக்கிற பஞ்சு வேறு. அது மாவு மாதிரி மெல்லிசாக, லேசாக எண்ணெய் வாடையோடு, துணியில் படிந்தால் உதறினாலும் போகாது. எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளை கூட இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அப்பா நூற்பு மில்லில் வேலை பார்த்தார். மூன்றாவது ஷிப்ட், இரவு முழுக்க. காலையில் ஏழரைக்கு சைக்கிளில் வருவார். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் அந்த மெல்லிய பஞ்சு. நான் ஓடிப்போய் அவர் புருவத்தை ஊதிவிடுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஏழாம் வகுப்புப் பெண் செய்கிற வேலையா இது என்று அம்மா ஏசுவாள். நான் அப்பாவின் பிள்ளை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த வருடம் லாரி ஒன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு கன்றுக்குட்டியை அடித்துவிட்டுப் போனது. பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். காலையிலும் சாயங்காலமும் ஒரு பெரிய ஆள் நின்று பிள்ளைகளை ரோட்டைத் தாண்டவைக்க வேண்டும் என்றார். யார், எப்போது என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அப்போது அப்பா எழுந்து மில் வழக்கத்தைச் சொன்னார். மாற்றாள் வந்து கைவைக்கிற வரை ஒருவனும் மெஷினை விட்டு நகர மாட்டான், அதே மாதிரி இங்கேயும் ஒரு கொடி வைத்துக்கொள்வோம், கொடி யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வீடு அந்த வாரம் முழுக்க நிற்கட்டும் என்றார். பட்டியல் வேண்டாமா என்று டீச்சர் கேட்டதற்கு, பட்டியலை யார் படிக்கப் போகிறார்கள், கொடி வந்தால் முறை வந்தது என்று அர்த்தம் என்றார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. அப்பாவையே பெற்றோர் பொறுப்பாளராகப் போட்டார்கள்.

கொடியைப் பெரிய டீச்சரே தைத்தார். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்புத் துணி, ஓரத்தில் வெள்ளை நூலால் சங்கிலித் தையல், ஒரு முழ மூங்கில் குச்சி. வெள்ளிக்கிழமை மத்தியானம் துவைத்துக் காயப்போட்டு, சாயங்காலம் அடுத்து முறை வருகிற வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவார். வீட்டில் கொடுப்பதோடு பிள்ளையின் வேலை முடிந்தது. பிள்ளைகள் கொடியோடு ரோட்டில் இறங்கக் கூடாது, அது பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று பிரேயரில் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

இரண்டு மூன்று வாரம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு நாள் பால்காரர் பத்து நிமிடம் பிந்தி வந்தார். மாடு உதைத்துப் பால் கொட்டிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா, ஊர்ப்பக்கம் ரோட்டோரத்தில் இருந்த டீக்கடை வாசலில் வைத்து எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"மில்லுல மாத்தாள் பத்து நிமிசம் வரலன்னா நூலு அந்து கெடக்கும். இங்க வரலன்னா புள்ளயில்ல கெடக்கும்?"

பால்காரர் தெலுங்கில் ஏதோ முனகிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வாக்கியத்தை நான் வகுப்பில் போய்ச் சொன்னேன்.

எங்கள் முறை வந்த வெள்ளிக்கிழமை, வகுப்புக் கூட்டுகிற முறையும் எனக்கு. எல்லோரும் போய்விட்டார்கள். என்னோடு தினமும் நடந்து வருகிற பக்கத்து வீட்டு அத்தை மகன், இரண்டாம் வகுப்புக்காரன், அன்றைக்குக் காய்ச்சலில் வரவில்லை. பெரிய டீச்சர் கொடியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். துவைத்த ஈரம் சரியாகப் போகவில்லை, சோப்பு மணத்தது. நான் கூட்டி முடித்து, கதவைச் சாத்தி, கொடியைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அப்போதுதான் பகல் தூக்கம் முடிந்து எழுந்திருந்தார். வாங்கி ஒரு தடவை வீசிப் பார்த்துச் சிரித்தார். "லாரி மட்டுமில்ல ஏட்டி, ரயிலே நிக்கும்" என்றார். கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். சனியும் ஞாயிறும் அது அங்கேயேதான் இருந்தது. அம்மா அதை எடுத்து வைத்துவிட்டுக் கூட்டினாள். மறுபடி அங்கேயே வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் அப்பா வந்தார். டீ குடித்தார். பஞ்சுச் சட்டையைக் கழற்றிக் கதவு ஆணியில் மாட்டினார். அது கொடியை மூடிக்கொண்டு தொங்கியது. செத்த நேரம் படுத்துவிட்டு எட்டே முக்காலுக்கு வந்துவிடுகிறேன், நீ முன்னால் போ என்றார். நான் அத்தை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. தலையில் எண்ணெய் வழிய, சிலேட்டை அணைத்துப் பிடித்திருந்தான்.

டீக்கடை முன்னால் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்துவிட்டோம். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. முதல் மணி அடித்தது. அப்பா வரவில்லை. பெரிய பிள்ளைகள் இரண்டு பேரிடம் சின்னவர்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இந்தா வாரேன், நீ போ" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அம்மா அடுப்பில் இருந்தாள். "வருவாகட்டி, நீ ஓடு, மணி அடிச்சிரும்" என்றாள்.

நான் சட்டையை விலக்கிக் கொடியை எடுத்தேன். பிறகு பிரேயரில் சொன்னது நினைவுக்கு வந்தது. பிள்ளைகள் கொடியோடு ரோட்டில் இறங்கக் கூடாது. திரும்ப வைத்துவிட்டு ஓடினேன். இத்தனை வருடத்தில் நான் எடுத்த முடிவுகளில் தப்பானது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பாதி வழியில் இரண்டாம் மணி கேட்டது. அடுத்து லாரி பிரேக் பிடிக்கிற சத்தம். மணியைக் கேட்டதும் பிள்ளைகள் மொத்தமாக ஓடியிருக்கிறார்கள். பெரியவர்கள் கடந்துவிட்டார்கள். அத்தை மகன் கடைசி.

அவன் சாகவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போயிருந்தது. பிழைத்து, வளர்ந்து, இன்றைக்கும் அந்தக் காலை இழுத்துத்தான் நடக்கிறான். நான் போனபோது டீக்கடைக்காரர் அவனைத் தூக்கி வைத்திருந்தார். சிலேட்டு உடையாமல் ரோட்டில் கிடந்தது. அப்பா வெற்றுடம்போடு ஓடி வந்தார். அவர் கன்னத்தில் நெற்றி வரைக்கும் பாய் வரி ஓடியிருந்தது. அவரே அவனை வாங்கிக்கொண்டு ஒரு காரை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

எங்களைப் பள்ளிக்கூடத்துக்குள் வைத்துக் கேட்டைப் பூட்டினார்கள். பாடம் நடக்கவில்லை. மத்தியானம் அம்மா வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் போடுகிற கோதுமைச் சோறு சாப்பிடுகிறவள். அம்மா ஒரு நாளும் சோறு கொண்டுவந்ததில்லை. அன்றைக்குத் தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவந்திருந்தாள். சேலையை இழுத்து இடுப்பைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். சாப்பிடு என்று வாளியைக் கையில் கொடுத்துவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று வராந்தாக் கடைசியில் இருந்த தண்ணீர் டிரம் பக்கம் போனாள். திரும்பி வந்து என் தலையைத் தடவினாள். அதுவும் வழக்கமில்லை. அவள் பயந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அழுதுகொண்டே அந்தச் சோற்றை முழுக்கச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கூட்டம். பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சேலையில் ரத்தம் காய்ந்திருந்தது. இந்த வாரம் யார் முறை என்று பால்காரர்தான் முதலில் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அசந்து தூங்கிவிட்டேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டுவார்கள், அத்தை அழுவார், அப்பாவும் அழுவார், நான் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்ள வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன்.

அப்பா எழுந்தார். "கொடி எங்க வீட்டுக்கு வரல. வந்திருந்தா நான் நிக்காம இருப்பனா?" என்றார்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை உன் கையில்தானே கொடுத்தேன், எங்கே வைத்தாய் என்றார். வீட்டில், கதவுக்குப் பின்னால் என்றேன். டீக்கடைக்காரர், இந்தப் பிள்ளை காலையில் வீட்டுப் பக்கம் ஓடியதைப் பார்த்தேன் என்று சொன்னார். மறந்து வைத்தது நினைப்பு வந்து தேடி ஓடியிருப்பாள் என்றார் அப்பா, உடனே. யோசிக்கக்கூட இல்லை. எல்லா இடத்திலும் தேடிப் பாருங்கள் என்றும் அவரே சொன்னார். தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து சமையல்கார அம்மா கொடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் அம்மாவைத் தேடினேன். அவள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என் முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, காய்ச்சல் பிள்ளையிடம் பேசுவது மாதிரிப் பேசினார்.

"வெளையாட்டுப் புத்தியில மறந்துட்டியா தாயி? சொல்லு. அப்பா ஒண்ணும் செய்ய மாட்டேன்."

அடித்திருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

பெரிய டீச்சர் கொடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். துவைத்து அவர் கையாலேயே கொடுத்த கொடி. அதன் மடிப்பெல்லாம் மாவு தூவினது மாதிரி பஞ்சு படிந்திருந்தது. வேலிப் பஞ்சு இல்லை, மில் பஞ்சு. டிரம்முக்குப் பின்னால் அந்தப் பஞ்சு எப்படி வரும்? அவர் விரலால் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. கொடியை இரண்டு தடவை முழங்காலில் தட்டினார். பஞ்சு பறந்தது. மூலையில் சாய்த்து வைத்துவிட்டு, "சின்னப் பிள்ளை. தெரியாமல் செய்துவிட்டாள். எல்லோரும் மன்னிக்க வேண்டும்" என்றார்.

இன்றைக்கு யோசித்தால் அவர் கணக்கு புரிகிறது. பொறுப்பாளரே தவறினார் என்று தெரிந்தால் மறுநாளிலிருந்து ஒருவரும் ரோட்டில் நிற்க வர மாட்டார்கள். நூறு பிள்ளைகள் கடக்க வேண்டும். நூறு பேருக்காக ஒரு பிள்ளையை விட்டுவிடலாம் என்று தீர்மானித்தார். அன்று இரவு அவர் தூங்கினாரா என்று தெரியாது. தூங்கியிருக்கக் கூடாது என்று ரொம்ப நாள் ஆசைப்பட்டேன்.

கலையும்போது அத்தை என்னிடம் வந்தார். அடிக்கவில்லை. "ஒன்ன நம்பித்தானட்டி அவனத் தெனம் அனுப்புனேன்" என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துப் பேசினாள். நீ சின்னப்புள்ள, உன்னைச் சொன்னால் நாலு நாளில் மறந்துவிடுவார்கள், உங்க அப்பாவைச் சொன்னால் மில் வரைக்கும் பேச்சு போகும், அவிய தலை நிமிந்து நடக்க முடியுமா என்றாள். நாலு நாளில் யாரும் மறக்கவில்லை. பிள்ளைகள் என்னோடு நடக்கக் கூடாது என்று அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அத்தை வீட்டுக் கதவு எங்கள் பக்கம் திறக்கவில்லை. நான் டீக்கடை வரை தனியாக நடப்பேன், கூட்டம் கடந்து முடித்த பிறகு தனியாகக் கடப்பேன், பிந்திப்போவேன், கேட்டுக்கு வெளியே நிற்பேன். இரண்டு வாரம் நின்றேன். பிறகு போகவில்லை. ஏன் போகவில்லை என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பங்குனிக் கடைசியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அய்யனார் கோவிலுக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். ஆற்றில் பிள்ளைகள் இறங்காமல் பார்த்துக்கொள்ள அப்பாவும் போனார். வரும்போது எனக்கு நெல்லிக்காய் வாங்கி வந்தார். நான் தொடவில்லை. அது வாடிச் சுருங்குகிற வரை மாடத்திலேயே கிடந்தது.

அதன் பிறகு கொடியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவதை நிறுத்தினார்கள். பெரியவர்களே வெள்ளிக்கிழமை வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போக வேண்டும். பிந்தி வருகிற பிள்ளைகளை உள்ளே விட்டு வராந்தாவில் நிற்க வைத்தார்கள். இரண்டும் நல்ல சட்டம். என்னைக் கொண்டுதான் அந்தப் பள்ளிக்கூடம் அதைக் கற்றுக்கொண்டது. இப்போது நான் வேலை பார்க்கிற இடத்திலும், காவலுக்கு நிற்க வேண்டிய பெற்றோருக்குச் சீட்டைப் பிள்ளையின் டைரியில் வைத்து அனுப்பாதீர்கள், ஆளைக் கூப்பிட்டுக் கையில் கொடுங்கள் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். ஆயாம்மா நல்லா யோசிக்கிறாங்களே என்றார்.

நான் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டுக்கு நூல் சுற்றப் போனேன். அங்கிருந்து திருப்பூர், பிறகு கேரளத்தில் முந்திரி உடைக்கிற இடம், பிறகு சென்னையில் ஒரு ஹாஸ்டல் சமையல். ஒரு ஊரில் மூன்று வருடத்துக்கு மேல் நிலைத்ததில்லை. எழுதப் படிக்க மறந்துவிடக் கூடாது என்று பொட்டலக் காகிதங்களை வாசித்துக்கொண்டே இருந்தேன். பசி, காய்ச்சல், கூலி ஏமாந்தது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். முப்பது வயதுக்கு மேல் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் கேட்டேன். அவர் ரிட்டயர் ஆகி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கொடியை நான் உங்கள் கையில்தானே கொடுத்தேன் என்றேன்.

"எந்தக் கொடி?" என்றார்.

நடித்தாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா என்று அவர் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கு நினைவில் நிற்கிற அப்பா அந்த நாற்காலியில் இருந்தவர் இல்லை. நான் தறி ஷெட்டுக்குப் போன முதல் வருடத்தில் பார்த்த அப்பா. எங்களை ஏற்றிப்போக ஒரு வேன் வரும். பதினைந்து பெண்கள், மடியில் தூக்குவாளி. அந்த வருடம் முழுக்க அப்பா ஒரு நாளும் தன் முறையைத் தவறவிடவில்லை. மற்றவர்கள் முறைக்கும் அவரே நின்றார். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேரே ரோட்டுக்கு வருவார். பொறுப்பென்றால் இவரைப் போல் இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. ஆண்டு விழாவில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள்.

வேன் ஒன்பது மணிக்கு டீக்கடையைத் தாண்டும். ஒரு நாள் காலையில் அப்பா நடு ரோட்டில் வந்து கொடியைத் தூக்கிப் பிடித்தார். டிரைவர் பிரேக் போட்டார். நான் முன்சீட்டுக்குப் பின்னால் இருந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடி மட்டும்தான். அவர் புருவம் வெள்ளையாக இருந்தது. அத்தை மகன் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கடந்தான். அவனுக்குப் பின்னால் என் வகுப்புப் பெண்கள் போனார்கள், எட்டாம் வகுப்புப் புத்தகங்களோடு. அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தும் கையைத் தாழ்த்தவில்லை. கடைசிப் பிள்ளை கேட்டுக்குள் போகிற வரை கொடியை நேராகப் பிடித்திருந்தார். பிறகு ஒதுங்கி நின்று, போகலாம் என்று எங்கள் வேனுக்குக் கையைக் காட்டினார்.